துரைத்திட்டில் வால்புரூன் பிரபு

சுவரில் படம் இல்லை. படம் இருந்த இடம் மட்டும் இருந்தது. வெளிறிய நீள்சதுரம். அதன் கீழே கண்ணாடி போட்ட புது அட்டை. செலின் அதை இரண்டு முறை படித்தாள்.

‘வால்புரூன் பிரபு. எண்ணெய் வண்ணம், 1752. படச்சட்டம் செய்யும் லூர்துநாதன் என்பவரால் 1977இல் களவாடப்பட்டது.’ பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருந்தது.

லூர்துநாதன் அவள் அப்பா.

அவள் நின்றது சவரிராயர் வீட்டுக் கூடத்தில். பிரெஞ்சு வழக்கப்படி ‘முசியே’, அதாவது ஐயா, என்று ஊர் கூப்பிடும் அவர் வீட்டைக் காரைக்காலில் தெரியாதவர்கள் கிடையாது. அவருடைய முன்னோர் ஒருவர் அந்தப் பிரபுவிடம் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷாக இருந்தவர். பிரபு கப்பல் ஏறும்போது, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள் என்று தன் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனாராம். வரவில்லை. குடும்பம் ஏழு தலைமுறையாகப் பார்த்துக்கொண்டது. எட்டாவது தலைமுறையில் படம் போனது. வரும் ஞாயிறு ஜூலை பதினாலு. பிரெஞ்சு தேசிய நாள். அன்று சவரிராயர் தன் வீட்டைக் காட்சிக்கூடமாகத் திறக்கப்போகிறார். ஊர் முழுக்க வந்து அந்த அட்டையைப் படிக்கும்.

செலின் அதை எடுக்கச் சொன்னாள். வழக்கு தள்ளுபடியானதை ஞாபகப்படுத்தினாள். சாட்சி இல்லாமல் தள்ளுபடியானது வேறு, குற்றம் இல்லை என்பது வேறு என்றார் சவரிராயர். பத்திரங்கள் எழுதும் நொத்தேராக இருந்து ஓய்வு பெற்றவர். வார்த்தையை அளந்துதான் விடுவார்.

“படத்தைக் கொண்டா. அட்டைய நானே எடுக்குறேன்.”

“ஊருக்கு முன்னாடி எடுக்கணும் முசியே.”

“ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தொறக்குறேன். அதுக்குள்ள கொண்டா.”

அன்று புதன்கிழமை.

செலின் வெறும் கையோடு சவால் விடவில்லை. அவள் பையில் ஒரு காகிதம் இருந்தது. முந்தின நாள் தபாலில் வந்தது. அனுப்பியவன் கமருதீன். காரைக்கால் கல்லூரியில் அவளோடு படித்தவன். இப்போது சொந்த ஊரான பரங்கிப்பேட்டையில் நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். கிள்ளைப் படகுத்துறைக்கு நண்டு விற்க வந்த ஒரு தோணியின் மூக்கில் பித்தளைத் தகடு அடித்திருந்ததாம். அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருந்தான். பிரெஞ்சு எழுத்தில் வால்புரூன் பிரபுவின் பெயர். அந்தப் பெயர்த்தகடு படத்தின் சட்டத்தில் இருந்தது என்று காரைக்காலில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா பட்டறையில் சவப்பெட்டிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். படச்சட்டம் செய்தவர்தான். 1977க்குப் பிறகு அவரிடம் யாரும் படம் கொடுக்கவில்லை. சவப்பெட்டி செய்யக் கொடுத்தார்கள். சவப்பெட்டியைத் திருடிக்கொண்டு எங்கே போய்விடுவான் என்று ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். அவர் அளவு மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்த வருடம் நவம்பரில், படத்தைச் சுத்தம் செய்வதற்காக அவர் அதைப் பெட்டியில் வைத்து வேனில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார். கொள்ளிடத்தில் வெள்ளம், சாலை துண்டிக்கப்பட்டிருந்தது. தோணி பிடித்துப் பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டின் வழியே கடக்கப் பார்த்தார். நடுவில் புயல் அடித்தது. தோணிக்காரர் இறந்துபோனார். மூன்றாம் நாள் லூர்துநாதனை ஒரு மரத்திலிருந்து இறக்கினார்கள். பெட்டி இல்லை. தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்றார். அதற்கு மேல் போலீசிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. பதினொரு நாள் லாக்கப்பில் இருந்தார். யாரோ வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டான் என்று ஊர் முடிவு செய்தது.

செலின் காகிதத்தை இழைப்பு மேசைமேல் விரித்தாள். அவர் அதைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

“போகாத,” என்றார்.

“ஏம்ப்பா?”

“தண்ணி கொண்டுபோச்சுன்னு சொன்னேன்ல.”

“கொண்டுபோன தண்ணி எங்கயாவது வச்சிருக்கும்ல?”

அவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டார். செலின் அலமாரியிலிருந்து பழைய வார்னிஷைக் கரைக்கும் டர்பன்டைன் புட்டியையும் பஞ்சையும் எடுத்துப் பையில் வைத்தாள். அவர் பார்த்தார். தடுக்கவில்லை.

மறுநாள் மதியம் அவள் கிள்ளைப் படகுத்துறையில் இறங்கினாள். கமருதீனோடு இன்னொருவனும் நின்றான். தேசிங்கு. படகு கட்டும் வீட்டுப் பிள்ளை. கமருதீன் நண்டு பிடிக்கப் போகும்போதெல்லாம் தோணி ஓட்டுபவன். கமருதீனை அவன் ‘நண்டு பாய்’ என்று கூப்பிட்டான். கமருதீன் அவனை ‘மாப்ள’ என்றான்.

அந்தத் தோணி யாருடையது என்று தேசிங்குக்குத் தெரிந்திருந்தது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், சதுப்புக் காட்டுக்கு உள்ளே, துரைத்திட்டு என்று ஒரு மணல்மேடு. ஒன்பது மீனவக் குடும்பங்கள். செவ்வாய்க்கிழமை நண்டு விற்க வருவார்கள், போய்விடுவார்கள். அங்கே ஏதோ ஒரு துரையைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள் என்று கேள்வி. அவன் போனதில்லை. வெளியாட்கள் யாருமே போனதில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வாய்க்கால் இடம் மாறிவிடும். புது வழி அந்த ஒன்பது குடும்பங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

செவ்வாய் வரை காத்திருக்க முடியாது. நாமே போவோம் என்றாள் செலின்.

கமருதீன் நோட்டை விரித்தான். அமாவாசை நெருங்குகிறது, அதனால் கடல்நீர் அதிகம் ஏறும், அதேபோல அதிகம் வற்றும். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிவரை ஏறும். அதற்குள் திட்டில் இருக்க வேண்டும். ஒன்பதுக்குப் பிறகு வாய்க்காலில் சேறுதான் இருக்கும். தேசிங்கு ஒரே ஓர் எச்சரிக்கை கொடுத்தான். சுரபுன்னை வேரைப் பிடிக்கலாம். தில்லை மரத்தை மட்டும் தொடக்கூடாது. கிளை ஒடிந்தால் பால் வரும், அது கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

“எது தில்லைன்னு எப்படித் தெரியும்?” என்று செலின் கேட்டாள்.

“நண்டு பாய் தொடாத மரம் எல்லாம் தில்லைங்க,” என்றான் தேசிங்கு.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தோணி கிளம்பியது. தேசிங்கு பின்னால் நின்று கழி ஊன்றினான். கமருதீன் முன்னால் உட்கார்ந்து ஆழம் பார்த்தான். செலின் நடுவில். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் திட்டப்படி நடந்தது. அகலமான வாய்க்கால், பிறகு குறுகல், பிறகு இன்னும் குறுகல். இருபுறமும் சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நின்றன. மேலே கிளைகள் சேர்ந்துகொண்டன. கொக்குகள் எழுந்து பறந்தன. வெளிச்சம் பச்சையாக இறங்கியது.

ஏழரை மணிக்கு வாய்க்கால் இரண்டாகப் பிரிந்தது. கமருதீன் நோட்டில் வரைந்திருந்த வழிப்படத்தில் அங்கே பிரிவு இல்லை. தேசிங்கு தண்ணீரில் ஓர் இலையைப் போட்டுப் பார்த்தான். இலை வலப்பக்கம் போனது. ஏறும் தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே வழி இருக்கும் என்று வலப்பக்கம் திருப்பினான்.

அது தவறு. தண்ணீர் ஒரு குட்டையை நிரப்பப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குட்டைக்கு மறுவாசல் இல்லை. அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. திரும்புவதற்குள் ஒன்பது தாண்டி, தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது. பிரிவுக்கு இன்னும் இருநூறு அடி இருக்கும்போது தோணி தரைதட்டியது.

தண்ணீர் அவர்கள் கண்ணெதிரே இறங்கியது. வேர்களில் ஈரத்தடம் விரல் விரலாக நீண்டது. கமருதீன் கணக்குப் போட்டுப் பார்த்தான். அடுத்த ஏற்றம் மாலைதான். அதற்குப் பிறகு போய்ச் சேர்ந்தாலும் சனிக்கிழமைக்குள் திரும்ப முடியுமா என்பது சந்தேகம்.

செலின் இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தாள். சேறு தொடைவரை இழுத்தது. மறுகாலை எடுத்து வைத்தாள். இடுப்புவரை போனது.

“அசையாதீங்க. மல்லாந்து படுங்க,” என்றான் தேசிங்கு.

அவள் படுத்தாள். சேறு பிடியை விட்டது. தோணியின் உட்கார் பலகையை அவன் அவள் பக்கம் தள்ளினான். அவள் அதன்மேல் வயிற்றால் ஏறினாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. பலகை மூழ்கவில்லை. தோணியின் அடியும் பலகைதான். தண்ணீரில் ஓட்ட முடியாவிட்டால் சேற்றில் சறுக்கலாம்.

மூவரும் ஆளுக்கொரு பலகையில் குப்புறப் படுத்துத் தோணியைத் தள்ளினார்கள். ஒரு தள்ளுக்கு ஓரடி நகர்ந்தது. சிப்பி ஓடுகள் முழங்கையைக் கிழித்தன. நூறு அடி போனதும் ஒரு கிளை குறுக்கே வந்தது. கமருதீன் யோசிக்காமல் அதை ஒடித்தான். வெள்ளையாகப் பால் தெறித்தது. தேசிங்கு அவன் தலையைப் பிடித்துச் சேற்றில் அமுக்கினான். எழுந்தபோது கண்ணில் ஒன்றும் படவில்லை. நெற்றியிலும் கன்னத்திலும் மட்டும் கொப்புளம் கிளம்பத் தொடங்கியிருந்தது.

“இப்பத் தெரிஞ்சுதா எது தில்லைன்னு?” என்றான் தேசிங்கு.

பதினொரு மணிக்குப் பிரிவை அடைந்தார்கள். இடப்பக்க வாய்க்காலில் முழங்கால் ஆழம் தண்ணீர் நின்றது. ஏறிக்கொண்டு கழி ஊன்றினார்கள். பத்து நிமிடம்தான். தண்ணீருக்குள் இருந்த ஒரு மரக்கட்டையில் தோணி மோதியது. சிப்பி அப்பிய கட்டை. அடிப்பலகையில் ஓர் ஓட்டை விழுந்தது. தேசிங்கு தன் லுங்கியை அவிழ்த்து அதில் திணித்தான். உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருந்தான். செலினும் கமருதீனும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். முன்னால் மூன்று வாய்க்கால்கள் தெரிந்தன. எதில் போவது என்று யாருக்கும் தெரியவில்லை.

தேசிங்கு கழியை நிறுத்தினான். மூக்கைத் தூக்கினான்.

“குங்கிலியம் காய்ச்சுறாங்க.”

பிசின் புகையும் வாசனை. குங்கிலியத்தைப் புன்னை எண்ணெயில் காய்ச்சிப் படகுக்குப் பூசினால் பலகை இடுக்கில் தண்ணீர் ஏறாது. தேசிங்கு அந்த வாசனையில் பிறந்தவன். காற்று கிழக்கிலிருந்து வந்தது. நடு வாய்க்காலில் போனான். வாசனை குறைந்தது. பின்வாங்கி இடப்பக்கம் போனான். வாசனை கூடியது. அதன் பிறகு அவன் தண்ணீரையே பார்க்கவில்லை. வாசனையைக் கயிறுபோல் பிடித்துக்கொண்டு போனான். தோணியில் முழங்கால்வரை தண்ணீர் நிறைந்தபோது காடு விலகியது. எதிரே வெள்ளை மணல், தென்னங்கீற்றுக் குடிசைகள், புகை.

மணலில் ஏழு தோணிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆண்களும் பெண்களும் தென்னைநார் சுற்றிய கட்டையால் குங்கிலியம் பூசிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஒரு கம்பத்தில் ஒரு பலகை சாய்ந்து நின்றது. அதற்கு மாலை போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு சாராயப் புட்டி, இரண்டு சுருட்டு. செலின் இறங்கிய பக்கத்திலிருந்து அதன் முதுகுதான் தெரிந்தது.

அது பலகை இல்லை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. சட்டத்துக்கு நடுவே ஒரு குறுக்குக்கட்டை. நான்கு மூலைகளிலும் இரண்டிரண்டாக எட்டு ஆப்பு, கருங்காலியில். துணி தொய்ந்தால் ஆப்பை லேசாகத் தட்டி விறைப்பாக்க வேண்டும். அப்பா அவளுக்குப் பத்து வயதில் கற்றுக்கொடுத்தது. கருங்காலியில் ஆப்பு செதுக்குகிறவர் காரைக்காலில் அவர் ஒருவர்தான்.

செலின் சுற்றி ஓடி முன்பக்கம் பார்த்தாள். முழுக் கறுப்பு. முகம் இல்லை, உடை இல்லை, ஒன்றுமே இல்லை. அடுக்கடுக்காய்க் குங்கிலியம். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கொதிக்கும் சட்டியிலிருந்து கட்டையை நனைத்து எடுத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள். அடுத்த பூச்சு.

செலின் இடையில் போய் நின்றாள்.

வேலை நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். உயரமான இளைஞன் ஒருவன் துடுப்போடு வந்தான். சாமி காரியத்தில் குறுக்கே நிற்பது யார் என்று கேட்டான். அவன் பெயர் துரைக்கண்ணு. கட்டையோடு நின்றவள் அவன் அம்மா அஞ்சலாட்சி. அவள் மகனை ஒதுங்கச் சொன்னாள். செலினின் சேறு, ரத்தம், பின்னால் மூழ்கிக்கொண்டிருந்த தோணி, கொப்புளம் வந்த பையன் எல்லாவற்றையும் பார்த்தாள். முதலில் தோணியைக் கரையேற்றச் சொன்னாள். கமருதீன் முகத்தைக் கழுவிவிடச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் யார் என்று கேட்டாள்.

செலின் சொன்னாள். இது காரைக்காலில் ஒரு வீட்டுப் படம், இதைத் திருடியதாக என் அப்பா பேரை எழுதி வைத்திருக்கிறார்கள், ஞாயிறு காலைக்குள் கொண்டுபோக வேண்டும்.

அஞ்சலாட்சி தலையை ஆட்டினாள். கொடுக்க முடியாது. இந்தத் துரைதான் தன் பிள்ளையைச் சுமந்தவர். புயல் நாளில் குடிசை போனது, புருஷன் போனான். கைக்குழந்தையோடு அவள் ஒரு கீற்றைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஒரு பெட்டி கைக்கு வந்தது. அதன் மூடி பிய்ந்து உள்ளே ஒரு முகம் தெரிந்தது. வெள்ளை முடி, நீலச் சட்டை, லேசான சிரிப்பு. குழந்தையை அந்த நெஞ்சின்மேல் போட்டுவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி அவர்களை இந்த மணலில் கொண்டுவந்து போட்டது. அதனால்தான் துரைத்திட்டு. அதனால்தான் துரைக்கண்ணு. ஆனி கடைசி வெள்ளியில் படகுக்குப் பூசும்போது அவருக்கும் ஒரு பூச்சு. உடம்பில் வெடிப்பு விழுந்திருந்தது, உப்புத் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதே.

“மூணாம் வருசத்துலேருந்து மொகத்தத் திருப்பிக்கிட்டாரு,” என்றாள். “என்னா கோவமோ. நாங்களும் சலிக்காமப் பூசிக்கிட்டுத்தான் வர்றம்.”

“திருப்பிக்கலக்கா. நீங்க மூடிட்டீங்க.”

அஞ்சலாட்சிக்குப் புரியவில்லை. செலின் புட்டியையும் பஞ்சையும் எடுத்தாள். உள்ளங்கை அகலம் மட்டும் துடைத்துக் காட்டட்டுமா, வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அந்த நேரத்தில் தேசிங்கு அவள் காதருகே வந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் படுப்பார்கள், தோணி ஒன்றை எடுத்துக்கொண்டு படத்தோடு கிளம்பிவிடலாம் என்றான்.

“திருடலன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்,” என்றாள் செலின்.

அஞ்சலாட்சி சரி என்றாள். துரைக்கண்ணு துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

செலின் பஞ்சை நனைத்தாள். தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். பஞ்சு பழுப்பானது. மாற்றினாள். ஒற்றினாள். பத்தாவது பஞ்சில் தேன் நிறம் வந்தது. பிறகு தோல் நிறம். பிறகு ஒரு கண். சாம்பல் நிறக் கண், அதன் ஓரத்தில் சுருக்கம், கீழே சிரிப்பு தொடங்கும் கன்னம். வண்ணம் உதிரவில்லை. இரண்டு நூற்றாண்டு, ஒரு புயல், பத்தொன்பது வருட உப்புக்காற்று. குங்கிலியம் முகத்தை மறைத்தது, ஆனால் அதுதான் முகத்தைக் காப்பாற்றியது. செலின் அதையும் அவர்களிடம் சொன்னாள்.

அஞ்சலாட்சி மணலில் உட்கார்ந்துவிட்டாள். துரைக்கண்ணு பக்கத்தில் வந்து குனிந்தான். நினைவு தெரிந்து அவன் பார்க்கும் முதல் தடவை.

“பெட்டி எப்படிக்கா கைக்கு வந்துச்சு?” என்று செலின் கேட்டாள். “மெதந்து வந்துச்சா?”

“மெதந்து எங்க வர்றது, அந்தத் தண்ணில? மரத்து மேல ஒரு ஆளு ஒக்காந்திருந்தாரு. பெட்டியத் துண்டால கெளையோட கட்டிக்கிட்டு. என்னப் பாத்தாரு. புள்ளையப் பாத்தாரு. துண்ட அவுத்துக் காலால எட்டி ஒதச்சு எம்பக்கம் தள்ளிவுட்டாரு. கையெடுத்துக் கும்புடக்கூட நேரம் இல்ல, தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. பொழைச்சாரோ என்னமோ, தேடாத எடம் இல்ல.”

செலின் பஞ்சைக் கீழே வைத்தாள். அப்பா ஏன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று இப்போது தெரிந்தது. தன்னை நம்பிக் கொடுத்ததைத் தானே தள்ளிவிட்டார். அந்தப் பெண்ணும் குழந்தையும் அடித்துக்கொண்டு போனதைத்தான் அவர் கடைசியாகப் பார்த்தார்.

“பொழைச்சுட்டாருக்கா,” என்றாள். “அவரு எங்கப்பா.”

அஞ்சலாட்சி எழுந்தாள். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கச் சொன்னாள். படகு தயாராகட்டும், துரையோடு நானும் பிள்ளையும் வருகிறோம் என்றாள்.

சனிக்கிழமை காலை ஏற்றத்தில் கிளம்பினார்கள். தேசிங்கின் தோணிக்குத் திட்டுக்காரர்களே ஓட்டையடைத்துக் குங்கிலியம் பூசிக் கொடுத்திருந்தார்கள். துரைக்கண்ணு முன்னால் தன் தோணியை விட்டான். நேற்று ஆறு மணி நேரம் எடுத்த வழி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எந்தத் திருப்பத்தில் எந்த வேர் அடையாளம் என்று அவன் காட்டிக்கொண்டே போனான். தேசிங்கு மனப்பாடம் செய்தான். வழியில் மழை பிடித்தது. பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிய படத்தின்மேல் அஞ்சலாட்சி கவிழ்ந்து உட்கார்ந்துகொண்டாள். மழை விடாததால் அன்றிரவு கிள்ளையிலேயே தங்கினார்கள். ஞாயிறு விடியற்காலை சிதம்பரத்தில் கண்டக்டர் அந்தக் கறுப்புப் பலகையைப் பஸ்ஸில் ஏற்ற மறுத்தார். பலகை இல்லை, ஆள் என்றான் கமருதீன். கண்டக்டர் விரிப்பை விலக்கினார். ஒரு சாம்பல் கண் அவரைப் பார்த்தது. ஏறச் சொல்லி விசில் ஊதினார்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் காரைக்கால் வீதியில் பேண்டு வாசிப்பு கேட்டது. மூவண்ணக் கொடிகள் தொங்கின. செலின் அவர்களை நேரே சவரிராயர் வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. பட்டறைக்குக் கூட்டிப்போனாள்.

லூர்துநாதன் இழைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தார். இழைப்புளி பாதிப் பலகையில் நின்றது. அவர்கள் கையிலிருந்த படத்தை அவர் பார்க்கவே இல்லை.

“கொழந்த?” என்றார்.

அஞ்சலாட்சி துரைக்கண்ணுவின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். ஆறடி உயரம். வாசல் நிலை இடிக்குமென்று குனிந்து வந்தான். லூர்துநாதன் அவனைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். பிறகு தலையிலிருந்து கால்வரை. பக்கத்தில் வந்து அவன் தோளைத் தொட்டார். சவப்பெட்டிப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கையைக் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

பத்து மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. சவரிராயர் ரிப்பன் வெட்டக் கத்திரிக்கோலோடு நின்றார். செலின் படத்தை அவர் முன்னால் வைத்து விரிப்பை எடுத்தாள். கறுப்பின் நடுவே கண்ணும் கன்னமும். சவரிராயர் சிறுவனாக அந்தக் கண்ணின் கீழே உட்கார்ந்து பாடம் படித்தவர். அவருக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை. ஆனால் கேட்டார். எங்கே இருந்தது, யார் எடுத்தது?

செலின் வாயைத் திறப்பதற்குள் லூர்துநாதன் முன்னால் வந்தார்.

“நான்தான் விட்டேன் முசியே. தண்ணி கொண்டுபோகல. நான் தள்ளிவிட்டேன்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அஞ்சலாட்சி மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவே போனாள். அந்தக் கூடம், அந்த விளக்குகள், அந்த மனிதர்கள் எதையும் அவள் சட்டை செய்யவில்லை.

“ஒங்க தொரைய இவரு தொலைக்கலங்க. எங்கிட்ட அனுப்புனாரு. எம்புள்ளையக் கரை சேக்க அனுப்புனாரு. சேத்துட்டாரு. இந்தா நிக்குறான்.”

அதன் பிறகு நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். சவரிராயர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் லூர்துநாதனிடம், இதை அன்றே சொல்லியிருந்தால் நான் போலீசுக்குப் போயிருப்பேனா என்று கேட்டார்.

“ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு நெனச்சேன். படமும் போயி, அவங்களும் போயி, அத வாயால வேற சொல்லணுமா முசியே?”

சவரிராயர் சுவருக்குப் போனார். கண்ணாடிச் சட்டத்தோடு அட்டையைக் கழற்றினார். கத்திரிக்கோல் கையில் இருந்தது. எல்லோர் முன்னாலும் அட்டையை நான்காக வெட்டினார். நொத்தேர் எழுதியது தவறு என்று உரக்கச் சொன்னார். தமிழில் ஒரு முறை, பிரெஞ்சில் ஒரு முறை.

பிறகு அஞ்சலாட்சியிடம் திரும்பினார். இந்த வீட்டால் அவளுக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. துரை இங்கேயே இருக்கட்டும், இது அவர் வீடு. ஆனால் ஆனி கடைசி வெள்ளியில் திட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒரு நாள். அவர் இல்லாமல் படகு இறக்க முடியாது.

“குங்கிலியம் பூசக்கூடாது,” என்றாள் செலின்.

“எண்ணெ?”

“எண்ணெயும் கூடாதுக்கா.”

“சாராயம், சுருட்டு?”

செலின் சவரிராயரைப் பார்த்தாள். அது அவர் சொந்த விஷயம் என்றார் சவரிராயர். மூன்று நாளில் முதல் முறையாகக் கமருதீன் கொப்புள முகத்தோடு சிரித்தான்.

ஆனால் சவரிராயர் சிரிக்கவில்லை. சதுப்புக் காடு, தோணி, முகத்துவாரம். யார் கொண்டுபோவார்கள் என்று கேட்டார். லூர்துநாதன் நகர்ந்து முன்னால் நின்றார்.

“நான் கொண்டுபோறேன்.”

சவரிராயர் அவரைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக நேருக்கு நேர் பார்க்காத முகம். பிறகு குனிந்து, படத்தை இரண்டு கையாலும் தூக்கி, அவர் கையில் கொடுத்தார். ரசீது கேட்கவில்லை.

“மொதல்ல மொகத்தக் கழுவிவிடு லூர்து. அப்புறம் கூட்டிட்டுப் போ.”

லூர்துநாதன் படத்தோடு வெளியே வந்தார். ஒருபக்கம் துரைக்கண்ணு பிடித்துக்கொண்டான். மறுபக்கம் தேசிங்கு. வீதியில் பேண்டு வந்துகொண்டிருந்தது. வாசிப்பவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காணாமல் போனது என்று காரைக்கால் சொன்ன படம், அத்தனை வருடமும் ஒன்பது குடும்பங்களோடு இருந்து அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் கண்ணில் படவில்லை என்பதற்காக எதுவும் வீணாகிவிடுவதில்லை. செலின் பட்டறையைத் திறந்துவைக்க முன்னால் ஓடினாள்.